மீரேயின் இருநூறு கண்டல் கன்றுகள்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. எங்கள் பவளத்தீவான தெற்குத் தாராவாவில் என் பக்கத்து வீட்டு மீரே தன் கொழுந்தனைத் திட்டியதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கடல் சீறியது. மீரே அஞ்சாமல் நின்—"

(அடித்துவிட்டேன். கடல் சீறவில்லை. சத்தமே இல்லாமல் வந்து அவள் சேம்பங்குழியில் உப்பை விட்டுப் போனது. மீரேயும் நன்றாகவே அஞ்சினாள்.)

2

அந்தக் குழிதான் அவள் வீட்டுச் சாப்பாடு. பாதிச் செடி மஞ்சளாகிவிட்டது. கரையில் கண்டல் நட்டால் அலை அடங்கும் என்று நான்கு மாதம் காலிப் பால் டப்பாக்களில் இருநூறு கன்று வளர்த்தாள். செய்த ஒரே தப்பு, அவற்றை வாசலில் வைத்தது. கொழுந்தன் புரெந்தாவ் வந்துவிட்டான்.

"அண்ணி, கன்னெல்லாம் என்னமா வளந்திருக்கு!"

"பாக்காத. கண்ண மூடிக்கிட்டுப் போ."

"புபுசி, அண்ணி.* அம்புட்டும் எனக்கு வேணும்."

"ஒரு நாளாச்சும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினியாடா, எருமை?"

"இல்ல. நாளைக்குக் காலைல தள்ளுவண்டியோட வரேன்."

"வந்து தொலை."

* இந்தச் சொல்லைச் சொல்லி ஒன்றைக் கேட்டால் எங்கள் ஊரில் மறுக்கக் கூடாது. மறுத்தால் பொழுது சாய்வதற்குள் மானம் போய்விடும். (என் சைக்கிள் இப்போது யாரிடம் என்று கேட்காதீர்கள்.)

3

புரெந்தாவை வில்லனாக்கப் பார்த்தேன். "அந்தப் பேராசைக்காரச் சோம்பே—"

முடியவில்லை. அவன் வீட்டுத் தூண் இரண்டைக் கடல் கொண்டுபோனதை நானே பார்த்தேன். சாய்ந்த தரையில் அவன் பிள்ளைகள் உருண்டு உருண்டு தூங்குகின்றன. எனக்குப் பாவமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: மீரே அதே சொல்லைச் சொல்லித் திருப்பிக் கேட்கிறாள். கொடுக்கிறான். மறுநாள் அவன் கேட்கிறான். கன்றுகள் தள்ளுவண்டியிலேயே கிழடாகின்றன.

முடிவு இரண்டு: ஆளுக்கு நூறு. கேட்க நன்றாக இருக்கிறது. நூறு கன்று எந்தக் கரைக்கும் காணாது.

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே மீரே வந்து நின்றாள்.

"தம்பி, என்னைய எழுதுறியாமே? புபுசி. கதையிலயாச்சும் கன்னு எங்கிட்டயே இருக்கட்டும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அவள் வேலியைத் தாண்டுமுன் புரெந்தாவ்.

"அண்ணே, புபுசி..."

அவனுக்கும் சரி என்றேன்.

ஆக, ஒரே இருநூறு கன்றை இரண்டு பேருக்கும் முழுசாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விடிந்தால் தள்ளுவண்டி வரும். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, பெரிய கடலேற்றம்.

வாசகரே, புபுசி. ஒரு முடிவு கொடுங்கள். கைவசம் முடிவு இல்லையென்றால், இன்னொரு இருநூறு கன்றாவது கொடுங்கள்.