பதினெட்டு டப்பா

தர்பூசணி சாப்பிட்ட மூன்றரை மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. பள்ளி ஆசிரியர்கள் ஐந்து பேர். நால்வர் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார்கள். நளினி டீச்சர் மட்டும் ரங்கத் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

மறுநாள், புதன்கிழமை காலை, உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹரிஹரன் எங்கள் கடைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பழக்கடை. அண்ணன் முத்துராஜ் நடத்துகிறார். ருக்கு அக்கா பழம் வெட்டுவார். நான் டப்பாவில் அடைத்து, வெட்டிய நாளும் நேரமும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவேன். போர்ட் பிளேரில் பி.எஸ்ஸி. முடித்து வந்ததும் நான் கொண்டுவந்த ஏற்பாடு அது. கல்லாவில் உட்கார எனக்குக் கூச்சம். ஸ்டிக்கர் எழுத யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஆய்வாளர் கத்தியைப் பார்த்தார். பலகையை முகர்ந்தார். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். நாலு டிகிரி காட்டியது. கை கழுவும் டிரம்மிலிருந்து சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். பிறகு ருக்கு அக்காவின் இடது கையைக் கவனித்தார். பெருவிரலில் துணிக்கட்டு.

"இது எப்ப ஆச்சு?"

"திங்கக்கிழமை சாயங்காலம் சார். வீட்டுல தேங்கா உடைக்கையில."

"செவ்வாக்கிழமை காலையில இந்தக் கையோடதான் வெட்டினீங்களா?"

"கிளவுஸ் போட்டுக்கிட்டேன் சார். விஜியக் கேளுங்க, அதுதான் எடுத்துக் குடுத்துச்சு."

நான் தலையசைத்தேன். அன்று அவர் வெட்டியது இரண்டு பழம். பன்னிரண்டு டப்பா வந்தது.

"காயத்துல சீழ் இருந்தா கிளவுஸ் எல்லாம் சும்மா. இவ்வளவு சீக்கிரம் வாந்தின்னா நான் அதத்தான் சந்தேகப்படுவேன். டீச்சர் டப்பாவ எடுத்து வச்சிருக்காங்க, செவ்வாய் காலை ஆறேகால்னு போட்டிருக்கு. ஸ்டிக்கரப் பாத்துத்தான் வாங்கினாங்களாம். பத்தேகாலுக்குச் சாப்பிட்டிருக்காங்க. நாலு மணி நேரத்துல பழம் தானா கெட்டுப்போகாது."

"நான் அன்னிக்கே சொன்னேன் சார், கை சரியில்லன்னா வீட்ல இருன்னு. அக்கா எங்க கேக்குது," என்றார் அண்ணன்.

"எப்பச் சொன்ன தம்பி? 'ஜல்தி, ஜல்தி'ன்னுதான் சொன்ன. அவசரம்னா மட்டும் உனக்கு இந்தி வந்துரும்."

ஆய்வாளர் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

"இனிமே இவங்க உணவு வேலைக்கு வரக் கூடாதுன்னு எழுதறேன். கடைய மூணு நாள் மூடி சுத்தம் பண்ணுங்க. சரியா?"

"சரி சார்." அண்ணன் யோசிக்கவே இல்லை.

ருக்கு அக்கா ஒன்பது வருடமாக எங்கள் கடையில் இருக்கிறார். வேறு வருமானம் கிடையாது. அவர் கட்டைப் பிரித்தார். காயம் உலர்ந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளவுஸ் கிழிஞ்சிருந்துச்சோ விஜி? நான் பாக்கலியே. டீச்சருக்கு நான்தான் பண்ணிட்டேனோ?"

எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றுவது தெரிந்தது. எதிரே டிக்லிபூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள்.

"சார்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை மரம் விழுந்து ரோடு அடைச்சிருச்சு. பஸ் வரல. பதினெட்டு டப்பா மிஞ்சிருச்சு. ராத்திரி பூரா கரண்ட் இல்ல, பிரிட்ஜ் ஓடல. காலையில பழைய ஸ்டிக்கரக் கிழிச்சிட்டு, செவ்வாக்கிழமைன்னு எழுதி ஒட்டினது நான். அதத்தான் முன்னால வச்சேன். டீச்சருக்கு எடுத்துக் குடுத்த அஞ்சும் அதுதான். அது அக்காவுக்குக் காயம் படறதுக்கு முன்னாடியே வெட்டின பழம்."