குச்சிக் கட்சியின் தலைவர்

ஹினோதே விளையாட்டுக் கூடத்தில் இசோமுரா ஆட உட்காருவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வேலையைப் போட்டுவிட்டு நிற்பார்கள். முதலில் கோட்டைக் கழற்றி மடிப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு ஜாய்ஸ்டிக்கின் உருண்டைத் தலையை இடது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே விட்டு, கீழேயிருந்து ஏந்துவார், ஒயின் கோப்பையை ஏந்துவது போல. அவர் வாழ்நாளில் ஒயின் குடித்தது தங்கை கல்யாணத்தில் ஒரு வாய். அதுவும் பிடிக்கவில்லை.

தெங்கச்சாயா ரயில் நிலையத்துக்குப் பின்னால், மீன் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கூடம். இயந்திரங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். எதிரே ஆடுகிறவரின் முகம் தெரியாது, அவருடைய ஆள் மட்டும் திரையில் தெரியும். ‘ராய்ஜின்’ என்ற சண்டை விளையாட்டு அங்கே வந்திறங்கிய நாளிலிருந்து இசோமுரா குடைக்காரி ஓஷிசுவைத் தவிர வேறு ஆளைத் தொட்டதில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் உதவி மேலாளர், ஐம்பதை நெருங்கும் வயது, பெல்ட்டுக்கு மேலே சாய்ந்த தொப்பை. திரையில் மட்டும் கிமோனோ கட்டிய மெல்லிய பெண்ணாக வந்து, மலை மாதிரி நிற்கும் மல்லர்களைக் குடையின் கொக்கியால் இழுத்துத் தரையில் அடிப்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அவரை எல்லோரும் ‘தலைவர்’ என்றார்கள். ஆரம்பத்தில் யாரோ கேலிக்குச் சொன்னது. வருடங்கள் போகப் போக கேலி தேய்ந்து பட்டம் மட்டும் மிஞ்சிவிட்டது. பட்டம் வந்தபிறகு தத்துவமும் வேண்டுமே. சில்லறை மாற்றும் இயந்திரத்துக்கு மேலே, அவர் தூரிகையால் எழுதிக் கொடுத்த வாசகத்தைக் கடைக்காரர் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்: ‘குச்சி என்பது முதுகெலும்பின் நீட்சி.’ ஜாய்ஸ்டிக்கை அங்கே குச்சி என்றுதான் சொல்வார்கள். அதன் அர்த்தம் என்ன என்று கேட்ட ஒரே ஆள் பல் வைத்தியர். அவருக்குப் பதில் சொல்ல இசோமுராவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி அவர் தப்பித்தார்.

இந்தத் தத்துவத்துக்கு ஓர் எதிரியும் வாய்த்தது. கொஞ்ச வருடங்களாகக் குச்சியே இல்லாத பெட்டி ஒன்று புழக்கத்தில் வந்திருந்தது. தட்டையாக, வெறும் பொத்தான்கள். முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று, உட்கார ஒன்று, குதிக்கக் கட்டை விரலுக்கு ஒன்று. போட்டிகளில் அதற்குத் தடை கிடையாது. கடைக்காரரே இயந்திரத்தில் செருகுவதற்கு ஓட்டை வைத்துக் கொடுத்திருந்தார். ஆனால் ஹினோதேயில் அதைச் செருகத் துணிந்தவர் இல்லை. “சண்டை போடத் தெரியாதவன் மனு டைப் அடிக்கிறான்” என்று தலைவர் சொல்லியிருந்தார்.

அந்தத் தலைவருக்குத்தான் இடது மணிக்கட்டு போயிற்று.

ஓஷிசுவின் பெரிய பிடிக்கு குச்சியை ஒரே வீச்சில் முழு வட்டம் சுழற்ற வேண்டும். அந்த வட்டத்தை அவர் எத்தனை ஆயிரம் முறை சுழற்றியிருப்பாரோ, நரம்பு கணக்கு வைத்திருந்தது. எலும்பு வைத்தியர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு என்று கேட்டார்.

“டென்னிஸ்” என்றார் இசோமுரா.

வைத்தியர் கையைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், குறிப்பில் ஏதோ எழுதினார். “இப்படியே ஆடினீங்கன்னா கத்தி வைக்கணும். அப்புறம் சாப்பிடக் கிண்ணம் தூக்கலாம், டென்னிஸ் மறந்துடணும்.”

ஆடாமல் இருப்பது என்ற யோசனையை இசோமுரா இரண்டு வாரம் முயன்று பார்த்தார். மாலையில் வீட்டுக்கு நேரே வந்தார். தொலைக்காட்சியில் சமையல் பார்த்தார். மனைவி நத்சுமே அவருக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வாரம் தபாலில் ஒரு தட்டைப் பொட்டலம் வந்தது.

“என்னங்க இது, எடை பாக்குற மெஷினா?” என்றாள்.

“ஆமா” என்றார்.

“நல்லதுதான், பாருங்க. தினமும் பாருங்க.”

தினமும் பார்த்தார். சாப்பிட்டதும் மாடியறைக்குப் போய் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வலைவழியே ஊர்பேர் தெரியாத ஆட்களோடு ஆடினார். அங்கே ஆடுவதற்குப் பெயர் வேண்டும் என்று திரை கேட்டபோது வாயில் தவிட்டில் ஊறிய முள்ளங்கி இருந்தது. ‘தவிட்டு முள்ளங்கி’ என்று போட்டார்.

முதல் சில நாட்கள் ஓஷிசு உட்காரச் சொன்னால் குதித்தாள், போகச் சொன்னால் நின்றாள். நேற்றைக்குத்தான் ஆடப் பழகியவர்கள் எல்லாம் அவரை உதைத்தார்கள். ‘நல்ல முயற்சி’ என்று ஒருவன் ஆறுதல் செய்தி அனுப்பினான். இசோமுராவுக்கு முகம் சுட்டது. சுட்ட முகத்தோடு இன்னொரு ஆட்டம் போட்டார்.

பிறகு ஒரு நாள் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. முழு வட்டம் நான்கு தட்டில் முடிந்தது, மணிக்கட்டு அசையவேயில்லை. ஓஷிசு ஒரு பெரிய மல்லனைத் தூக்கி எறிந்தபோது, அறையில் யாரும் இல்லாமல், யாருக்கும் காட்டாமல் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. ஹினோதேயில் வருஷக்கணக்காக அவர் ஆடியது தலைவராக. தோற்றால் தத்துவத்துக்கு இழுக்கு, ஜெயித்தால் அது எதிர்பார்த்ததுதான். முள்ளங்கிக்கு இழுக்கும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. ஆட்டம் மட்டும்தான் இருந்தது. இது பிடித்துத்தானே இருபது வயதில் அந்தக் கடைக்குள் நுழைந்தோம் என்று அவருக்கு மெதுவாக ஞாபகம் வந்தது.

இப்படியே நடந்திருந்தால் கதை இல்லை. முள்ளங்கி ஒரு புதன்கிழமை குராஷிகேயை அடித்து நொறுக்கிவிட்டது.

குராஷிகே வட்ட அலுவலகத்தில் வரிப் பிரிவில் இருப்பவர். தலைவரைவிட இரண்டு வயது இளையவர், தலைவரின் தத்துவத்தைத் தலைவரைவிட நன்றாக ஒப்பிப்பவர். மறுநாள் மாலை, பதிவான ஆட்டத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஹினோதேயில் எல்லோரையும் கூட்டினார்.

“தலைவரே, நீங்களே பாருங்க. குச்சின்னா பின்னாலேர்ந்து முன்னால வர நடுவுல ஒரு இடத்தக் கடந்துதானே வரணும்? இந்தாளு கடக்கவே இல்ல. பின்னால இருந்தவன் நேரா முன்னால இருக்கான். டைப்பிஸ்ட்டு.”

“அதுவும் ஓஷிசுவை வெச்சு” என்றார் கடைக்காரர் ஷிபஹாரா, துக்க வீட்டில் பேசுவது போல.

எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். இசோமுரா தன் ஆட்டத்தைத் தானே பார்த்தார். தொண்டையைச் செருமினார். “கை இருக்கு, ஆன்மா இல்ல” என்று ஆரம்பித்தார். முதுகெலும்பு பற்றிச் சொன்னார். உப்பில்லாத சூப் பற்றிச் சொன்னார். குராஷிகே தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மட்டும் வாய் தவறிவிட்டது. “ஆனா அந்தக் கடைசிச் சுற்றுல, அடிக்காம பொறுத்தான் பாரு, அது சுலபம் இல்ல. அது… பரவால்ல.”

கூட்டத்துக்குப் பின்னால் நின்று தாக்கோயாக்கி உருண்டைகளைத் தின்றுகொண்டிருந்த தபூச்சி அம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். காலை முறை முடித்துவிட்டு வெள்ளைக் கையுறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருவாள். தலைவரிடம் அதிக தடவை தோற்றவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு.

வெளியே காபி டப்பா இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கை எப்டி இருக்கு, முள்ளங்கி?”

இசோமுராவின் காபி கையில் கொட்டிற்று. “யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. ஆளைக் கீழ தள்ளிட்டு, ரெண்டு அடி பின்னால வெச்சு, அப்புறம் உள்ள போறீங்க. இத்தன வருஷமா அந்த ரெண்டு அடியப் பாத்துப் பாத்துதான் நான் அடிவாங்குறேன். பேரை மாத்தினீங்க, மெஷினை மாத்தினீங்க, அதை மாத்தத் தெரியலையே.”

“வேற யாருக்காவது…”

“அவங்களுக்கா? அவங்க உங்க வாயைப் பாக்குறாங்க, கையப் பாக்குறதில்ல.” டப்பாவை நசுக்கிக் கூடையில் போட்டாள். “ஞாயித்துக்கிழமை இங்க நடக்குற போட்டிக்கு அந்த முள்ளங்கியைக் கூப்பிட்டு குராஷிகே லெட்டர் அனுப்பப் போறாராம். உங்க கையால அதுக்கு அடி வாங்கி வைக்கணுமாம்.”

வீட்டில் அன்று அந்தச் செய்தி வந்திருந்தது. வரி பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பிப் பழகிய கை; மாண்புமிகு முள்ளங்கி அவர்களின் மேலான விரல்களை எங்கள் எளிய கூடத்தில் காணும் பேற்றை அருளுமாறு கேட்டு, வராவிட்டால் கோழை என்று கருத நேரும் வருத்தத்தையும் அதே பணிவோடு தெரிவித்திருந்தது. முள்ளங்கி நெடுநேரம் யோசித்து, ‘பார்ப்போம்’ என்று பதில் போட்டது. மறுநாள் ஹினோதேயில் அந்த ஒற்றைச் சொல்லின் ஆணவத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. தலைவரும் கலந்துகொண்டார்.

ஞாயிறு மதியம் பெட்டி அவருடைய பையில் இருந்தது. சும்மா இருக்கட்டும் என்றுதான் எடுத்து வந்ததாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பெட்டியை எடுத்தால் தலைவர் போய்விடுவார். எடுக்காவிட்டால் கை போய்விடும், கையோடு ஆட்டமும். இதற்கு நடுவில் மூன்றாவது வழி ஏதாவது தானாகக் கிடைக்கும் என்று, பெரிய பதவியில் இருக்கும் எல்லோரையும் போல அவரும் நம்பினார்.

முதல் ஆட்டத்தைக் குச்சியிலேயே ஜெயித்தார். கோட்டை மடிப்பது போல் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டார். முள்ளங்கி வரவில்லை என்று குராஷிகே வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் சீட்டு எடுத்தபோது குராஷிகேயின் பெயரே தலைவருக்கு எதிராக வந்தது.

மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் சுற்றின் முடிவில் குராஷிகேயின் மல்லன் ஒரு பிடி தூரத்தில் தள்ளாடிக்கொண்டு நின்றான். இசோமுரா வட்டத்தைச் சுழற்றினார். பாதியில் மணிக்கட்டில் ஏதோ பற்றி எரிந்தது. வட்டம் மெதுவானது. மெதுவான வட்டத்தை இயந்திரம் குதி என்று புரிந்துகொண்டது. ஓஷிசு குடையோடு அழகாக அந்தரத்தில் எழும்பினாள். மல்லன் கீழே காத்திருந்து பிடித்துத் தரையில் அடித்தான், சுற்று போயிற்று.

தலைவர் வட்டம் தவறி யாரும் பார்த்ததில்லை.

“ஒரு நிமிஷம்” என்றார் இசோமுரா. பையைத் திறந்தார்.

பெட்டியைச் செருகும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஷிபஹாரா தன்னையறியாமல் சுவரில் இருந்த வாசகத்தைப் பார்த்தார். “தலைவரே, அது…” என்றார் யாரோ. இயந்திரத்துக்கு மறுபக்கம் இருந்த குராஷிகேக்கு ஒன்றும் தெரியாது. “என்ன, குச்சி உடைஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

இரண்டாம் சுற்று சீக்கிரம் முடிந்தது. இசோமுராவின் விரல்கள் அரிசி களைவது போல ஓடின. கடைசிச் சுற்றில் மல்லன் கீழே விழுந்தான். ஓஷிசு இரண்டு அடி பின்னால் வைத்தாள். உள்ளே வந்தாள், நடுவில் எந்த இடத்தையும் கடக்காமல்.

மல்லன் எழுந்து சும்மா நின்றான். மறுபக்கம் குராஷிகே கையை எடுத்துவிட்டார்.

“முள்ளங்கி-சான்?” என்று இயந்திரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

எதிராளி கையை எடுத்தால் அடிக்கக் கூடாது. அது அங்கே வழக்கம். இசோமுராவும் நிறுத்தினார். “ஆமாப்பா” என்றார்.

“நான் எழுதின லெட்டர்…”

“படிச்சேன். மரியாதையாத்தான் இருந்துச்சு.”

“கோழைன்னு எழுதிட்டேனே.”

“சரியாத்தானே எழுதியிருக்க.”

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூடம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அமைதியாக இருந்தது. அந்த மாதிரி அமைதியை அவர் பேசாமல் கடந்துபோனதே கிடையாது. இசோமுரா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரைவாசி திரும்பினார். “நண்பர்களே, குச்சிங்கிறது என்ன? பெட்டிங்கிறது என்ன? கருவி மாறலாம், ஆனா மனுஷன்…”

பின்னால் பொத்தான் சத்தம் கேட்டது. குராஷிகே அதிர்ச்சியிலிருந்து மீண்டுவிட்டார், வழக்கம்தான் இன்னும் ஞாபகம் வரவில்லை. மல்லன் ஓஷிசுவைத் தூக்கி அடித்தான், எழுந்ததும் மறுபடி அடித்தான். ‘மனுஷன்’ என்ற எழுவாய்க்குப் பயனிலை வருவதற்குள் சுற்று முடிந்துவிட்டது.

முதலில் சிரித்தது தபூச்சி அம்மாள். பிறகு ஷிபஹாரா. பிறகு இசோமுராவே.

குராஷிகே எழுந்து சுற்றி வந்தார், முகம் சிவந்து. ஜெயித்தவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். குச்சியின் பாரம்பரியம் எவ்வளவு பெரிய சோதனையிலும் நிலைத்து நின்றதாகவும், முதுகெலும்பு பற்றியும் பேச ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். இரண்டொருவர் ‘தலைவரே’ என்று அவரைக் கூப்பிட்டும் பார்த்தார்கள்.

தோற்றவர்கள் ஆடுவதற்கு மூலையில் ஓர் இயந்திரம் இருந்தது. இசோமுரா அங்கே போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் காசு போட்டு தபூச்சி அம்மாளோடு ஆடினார். தோற்றார். மறுபடி வரிசையில் நின்று மறுபடி ஆடினார். இடையில் யாரோ பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஆட்டத்தில் தோற்றுப்போன குராஷிகே, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி, குரலைத் தணித்துக் கேட்டார்:

“அந்தப் பெட்டி… எங்க கிடைக்குது?”

“யாருக்கு?”

“ஆபீஸ்ல ஒருத்தருக்கு. கை வலிக்குதாம்.” சொல்லும்போதே வலது கையால் இடது மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தார்.

இசோமுராவுக்கு இந்த இடத்தில் சொல்ல ஒரு முழுச் சொற்பொழிவு தயாராக இருந்தது. அவர் பெட்டியைத் தன் மடியிலிருந்து எடுத்து குராஷிகேயின் மடியில் வைத்தார். “கட்டை விரலுக்கு இருக்கே, அது குதிக்க. முதல்ல அதத் தொடாம இரு.”

மறுபக்கத்திலிருந்து தபூச்சி அம்மாளின் குரல் வந்தது. “யாராவது ஒருத்தர் ஆடுங்கப்பா. இல்லன்னா எழுந்திரிங்க, பின்னால ஆள் நிக்குது.”