என் காலும் அந்த வெள்ளை மாத்திரையும்

எனக்கு விசர் பிடித்து நான் பைத்தியமாகிவிட்டேனென்று எங்கள் ஊர் தில்லையடி முழுவதும் தெரிந்தது ஒரு திங்கட்கிழமை. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கருவாடு காயவைக்கும் வாடியில் மீன்முள் ஒன்று என் இடது காலில் ஏறியது. முள் வெளியே வந்தது, புண் ஆறவில்லை. கறுத்து, முடிச்சு முடிச்சாகக் கணுக்கால் வரை ஏறிவிட்டது. பங்கசு, ஒரு பூஞ்சைக் கிருமி, என்றார்கள். பங்கசு மருந்தை எட்டு மாதம் விழுங்கியும் அது அசையவில்லை. இனி காலை எடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு டொக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். கோபம்தான் வந்தது.

தோல் டொக்டர் நிஷாந்தினிதான் வேறு வழி சொன்னார். "சுல்பா, நீங்க குடிக்கிற மருந்து பங்கசுக்குள்ள போகுது. அது திருப்பி வெளியில தள்ளிப்போடுது. அந்தத் தள்ளுற கையைக் கட்டிப்போட ஒரு பழைய மாத்திரையைப் பாவிச்சுப் பாப்பம். கையைக் கட்டினா மற்ற மருந்து வேலையைப் பாக்கும். இது ஆராய்ச்சிதான், நிச்சயமெண்டு சொல்ல மாட்டன். ஆனா மூண்டு மாசம் ஒரு நாளும் விடக் கூடாது."

"பழைய மாத்திரையெண்டா, என்ன வருத்தத்துக்கு?"

"மனச்சோர்வுக்கு."

"என்ட காலும் சோர்ந்துதான் கிடக்கு. தாங்க," என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை மாத்திரை வாங்கிய என்னை விசர்க்காரியென்று ஊருக்குச் சொல்லாமல் பாமசிக்கார அக்ரமின் வாய் சும்மா இருக்குமா? எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே பாமசியில்தான். என் மகள் இல்மாவுக்கு அப்போதுதான் நல்ல இடமொன்று பொருந்தி வந்திருந்தது. பள்ளிக்கூட ரீச்சர் மாப்பிள்ளை. எனக்கும் பிடித்த இடம், பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதத்தில் கறுப்பு இறங்கத் தொடங்கியது. கணுக்காலில் புதுத்தோல் வந்ததைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை மாத்திரையைக் காணவில்லை. என் கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் பெரியவர் அவருடைய அக்கா பஸீஹா மதினி.

"நாந்தான் அலுமாரிக்குள்ள பூட்டி வச்சன்," என்றார். "ரெண்டு கிழமை, பதினாலு நாள்தானே புள்ள. நிக்காஹ் கதை முடியட்டும். இல்லாட்டி விசர்க்காரிட மகளெண்டு சொல்லுவாங்க."

"காலை வெட்டினா நொண்டிட மகளெண்டு சொல்லுவாங்க. அது பரவாயில்லையா?"

மதினியின் கண் கலங்கியது. ஆனால் அலுமாரித் திறப்பைத் தரவில்லை; சாவி அவருடைய சால்வை முடிச்சிலேயே இருந்தது. வாசலில் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் தாய் அக்கீலா கதிரையில் சாய்ந்து, வட்டிலப்பத்தை ருசித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார். "உங்களுக்குத் தலையில ஏதோ சுகமில்லையாமே?"

"தலை கல்லுப் போல இருக்கு. கால்தான் சுகமில்ல," என்றேன். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தேன். வட்டிலப்பத் தட்டைத் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கிக் குட்டி மேசையில் வைத்தேன். "நல்லாப் பாத்துக்கொள்ளுங்க. இதுதான் என்ட விசர். மதினி, மாத்திரை குடிக்கிற நேரமாச்சு. திறப்பைத் தாங்க!"

மதினி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். சால்வை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். என்னிடம் தரவில்லை. கூப்பிடும் வரை உள்ளே இருக்க வேண்டிய இல்மா தானாகவே வெளியே வந்து கையை நீட்டினாள், அவளிடம் கொடுத்தார்.

இல்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தபோது அக்கீலா எழுந்து நின்றார். கோபமில்லை, கெஞ்சல்தான். "மகள், எனக்கு விளங்குது. ஊருக்கு விளங்குமா? கலியாணம் முடியிற மட்டும் உம்மாவை நிப்பாட்டச் சொல்லு. அதுக்குப் பிறகு எவ்வளவு வேணுமெண்டாலும் குடிக்கட்டும்."

இல்மா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு அக்கீலாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமி, என்ட உம்மா ரெண்டு காலால நடந்து வராத கலியாணம் எனக்கு வேணாம்."

நான் அக்கீலாவைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன்.