மூன்றாம் கொட்டகையின் நான்காம் நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது விளம்பர வாசகமாகப் பிறந்திருக்க வேண்டியது. கோழிப் பொட்டலத்தின் மேல் அச்சிட நாலு வரி கேட்டார்கள். 'சந்தோஷமாக வளர்ந்த கோழி' என்று எழுதிவிட்டு, எதற்கும் ஒரு கோழியைப் பார்த்துவிடலாமே என்று பண்ணைக்குப் போனேன். வினையே அங்கேதான். கோழியைப் பார்க்கப் போன எனக்குக் கால்நடை டாக்டர் ஒருத்தியின் கதை கிடைத்தது. பண்ணை அவளுடைய அக்கா கணவருடையது.

2

'அத்தான் ஈவிரக்கமற்ற மனிதர். கோழிகளை அவர்…'

(அடித்துவிட்டேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று எழுதிய வரி. மனிதர் கொட்டகைக்குள் நுழையுமுன் செருப்பை மாற்றுகிறார். தரையில் பரப்பிய உமியை ஒரு பிடி அள்ளி, ஈரமா என்று நசுக்கிப் பார்க்கிறார். வெயில் ஏறினால் தனக்கு விசிறி உண்டோ இல்லையோ, கோழிகளுக்கு உண்டு. இவரை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுத?)

3

நடந்தது இதுதான். மூன்றாம் கொட்டகையில் கோழிகளுக்கு இருமல். தண்ணீரில் கலந்து கொடுக்க டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாள். இருமல் நின்றது. ஆனால் கடைசி வேளை மருந்துக்குப் பிறகு ஏழு நாள்* விற்கக் கூடாது; மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். நான்காம் நாளே லாரி வந்து நின்றது. கோழிகளை ஏற்ற டாக்டரின் சான்றிதழ் வேண்டும்.

"கையெழுத்துப் போடும்மா. கோழியப் பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்குது."

"கோழிக்குச் சரியாயிடுச்சு அத்தான். திங்கிறவங்களுக்கு?"

"மூணு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

"முழுகாதுல்ல? அப்ப மூணு நாள் இருங்க."

அக்கா போனில் வந்தாள். "ஊருக்குத்தானே நீ டாக்டரு? வீட்டுக்குமா?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. அத்தான் கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்க் குழாய்களைத் துடைக்க ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

* ஏழு நாள் இந்தக் கதையின் மருந்துக்கு. உங்கள் மருந்துக்கு, புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கதாசிரியர் சொன்னார் என்று யாரும் கோழி விற்க வேண்டாம்.

4

இங்கேயே 'சுபம்' போட்டிருக்கலாம். என் போதாத காலம், மறுநாள் மதியம் அக்கா தங்கையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சமாதானத்துக்குத்தான்.

"நம்ம பண்ணைக் கோழிடி. உங்க அத்தானே புடிச்சிட்டு வந்தாரு. சாப்பிடு."

பண்ணையில் நாலு கொட்டகை. எதிரே அத்தான் இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

'"எந்தக் கொட்டகை அத்தான்?" என்று கேட்டாள். அக்காவின் முகம்…'

(அடித்தேன். அவர் "ஒண்ணாவது" என்றே சொன்னாலும் இவள் நம்புவாளா என்று எனக்குத் தெரியவில்லை.)

'ஒன்றும் கேட்காமல் ஒரு வாய்…'

(இதையும் அடித்தேன். முகந்தெரியாத யார் யாருக்காகவோ நேற்று லாரியைத் திருப்பி அனுப்பியவள், தன் வயிற்றுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுப்பாளா? கொடுப்பாள். அக்கா சமைத்ததாயிற்றே. அதுதான் பயமாக இருக்கிறது.)

5

எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. அவள் கை தட்டின் மேல் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி காலி, உட்காருங்கள். உங்களுக்கும் தட்டு வைத்தாயிற்று. எந்தக் கொட்டகை என்று கேட்பதானால் அக்கா பரிமாறுவதற்குள் கேட்டுவிடுங்கள்.