பின்னங்கால்

“பின்னங்கால் பின்னாடி போச்சா, இல்லையா?”

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா அவளிடம் கேட்ட கேள்வி. இன்று காலை, அவருடைய விறைத்த கையை வெள்ளைச் சட்டைக்குள் நுழைக்கப் போராடும்போது அது மறுபடி வந்து நின்றது. அவளுடைய இடது தோள் ஓரளவுக்கு மேல் எழும்பாது. முறிந்து ஒட்டிய எலும்பு. அப்பாவின் கையும் மடங்க மாட்டேன் என்றது. இரண்டு பிடிவாதங்களும் ஒரே சட்டைக்குள் மல்லுக்கட்டின.

“மெதுவா இழுடி, வலிக்கப்போகுது,” என்றாள் அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வருஷமாக மகள் அப்பாவைத் தொட்டதில்லை, பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. “உப்பு வேணுமான்னு அவரைக் கேளு” என்று அம்மாவிடம் சொல்வாள். உப்பு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். “தோள்பட்டை இப்ப எப்படி இருக்காம்?” என்று அம்மாவிடமே கேட்பார். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோய் அம்மாவுக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

அப்பா எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரிக்காரர்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள், மிரட்டிப் பார்ப்பார்கள். முள் காட்டியதைத்தான் எழுதுவார். மகள் குதிரை ஓட்டப் போனதும், விடுமுறை நாட்களில் அவரும் குதிரைக் கிளப்புக்கு வந்து தடை நடுவராக உட்கார ஆரம்பித்தார். ஒரு தடைக்கு ஒரு நடுவர். ஒரு நாற்காலி, ஒரு தாள், ஒரு பென்சில். குதிரை தாண்டினால் சரி. மறுத்து நின்றால் இருபது தப்புப் புள்ளி. அவர் யாருக்கும் இருபதில் ஒன்றைக்கூடக் குறைத்ததில்லை. கிளப்பில் அவருக்குப் பெயரே ‘இருபது’தான். “டேய், இருபது வருது, நிமிர்ந்து உட்காரு” என்பார்கள்.

மூன்று நாள் போட்டி. முதல் நாள் களத்தில் நடை காட்ட வேண்டும். இரண்டாம் நாள் மரத்தடி, பள்ளம், தண்ணீர் என்று காட்டுப் பாதையில் பாய வேண்டும். மூன்றாம் நாள் கம்பு தாண்ட வேண்டும். மூன்றுக்கும் அதே குதிரை, அதே ஆள். அந்த வருஷம் முதல் நாள் முடிவில் அவள்தான் முன்னணி. ஏறியிருந்தது கிளப்பின் கிழட்டுப் பெண்குதிரை. அதற்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்தவர் லாடக்காரர். “கால் நனைஞ்சா அவளுக்குக் கௌரவம் போயிடும்” என்பார்.

பத்தாவது தடை, தண்ணீருக்குள் இறங்கும் தாழ்வான படி. அங்கே உட்கார வேண்டியவர் அன்று வரவில்லை. “உங்களை விட்டா ஆளில்லை சார். பொண்ணு ஓட்டினா என்ன, உங்களைப் பத்தித் தெரியாதா?” என்று அப்பாவை அங்கே உட்காரவைத்தவர் கிளப் செயலாளர். செயலாளர் பதினொன்றாவது தடைக்கு நடுவராகப் போனார்.

அந்தப் படியில் குதிரை ஒரு நொடி தயங்கலாம். ஆனால் ஒரே ஒரு குளம்பைப் பின்னால் எடுத்து வைத்தாலும் மறுத்ததாகத்தான் கணக்கு. மகாராணி தயங்கினாள். பிறகு குதித்தாள்.

தாளைக் கொடுக்கப் போகும் முன் அப்பா லாயத்துக்கு வந்து அவளிடம் கேட்டார். பின்னங்கால் பின்னாடி போச்சா, இல்லையா?

“இல்லை,” என்றாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். குதிரையின் ஈரக் கால்களைப் பார்த்தார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்த தாளை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். இருபது.

கோப்பையை வாங்கியவள் செயலாளரின் அண்ணன் மகள். அவளுடைய குதிரை பதினொன்றில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை நின்றது. மேட்டில் மகாராணியை நடத்தி ஆறவைத்துக்கொண்டே இவள் அதைப் பார்த்தாள். பத்தாவது தடையில் உட்கார்ந்திருந்த அப்பாவும் பார்த்தார். செயலாளர் தாளில் ஒரு கோடுகூட விழவில்லை.

“அதையும் பார்த்தீங்கல்ல? அதை ஏன் சொல்லலை?” அன்று வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

“என் தாள்ல என் தடை மட்டும்தாம்மா இருக்கு,” என்றார் அப்பா.

அதுதான் அவரிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி. அவளே போய்ப் புகார் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால், உன் குதிரை என்ன செய்தது என்று முதலில் கேட்பார்கள்.

வாயை மூடிக்கொண்டு சபதம் போட்டாள். ஜெயித்து, அந்தக் கோப்பையை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைக்க வேண்டும். வைத்துவிட்டு எதுவும் பேசாமல் கை கழுவப் போக வேண்டும். அடுத்த வருஷம் மகாராணி நொண்டினாள். அதற்கடுத்த வருஷம் தோள் முறிந்தது. பிறகு கொடிக்குத் தப்பான பக்கம் போய் வெளியேற்றப்பட்டாள். ஒரு வருஷம் ஏற ஒரு குதிரையும் கிடைக்காமல் ஊரார் குதிரைகளுக்குச் சாணி அள்ளினாள். போன வருஷம் நான்கு விநாடி தாமதம், மூன்றாம் இடம். வன்மம் ஒரு நல்ல தீனி. காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடும். அடுத்த போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். குதிரை தயார், அவளும் தயார். மனுஷர் நேற்றுச் செத்துப்போனார்.

‘தப்பிச்சுட்டீங்க,’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

பத்து மணிக்கு முன்னறை நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதக் கோப்பைகளில் டீ. வாசலில் செருப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. லாடக்காரர் மூலையில் குந்தியிருந்தார். “மேல போயும் அங்க யாருக்காவது இருபது போட்டுக்கிட்டிருப்பார், பாப்பா,” என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

செயலாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். அதை அப்பாவின் காலடியில் சாய்த்துவைத்தார். அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“சொந்தப் பொண்ணுன்னும் பார்க்காம இருபது போட்ட மனுஷன். இந்த வருஷத்திலேர்ந்து அவர் பேர்ல ஒரு நேர்மைக் கோப்பை தர்றதா கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம்.”

நாலைந்து தலைகள் ஆடின. அவர் அவள் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். தணிந்த குரலும் அந்த அறைக்குப் போதுமானதாகவே இருந்தது.

“உனக்கு மனசுல இருக்கும், தெரியும்மா. இப்ப சொல்றதுல என்ன இருக்கு? அப்பவே அவருக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு அவர் தப்பாத்தான் பார்த்திருப்பார்னு நான் கமிட்டியிலகூடச் சொன்னேன். உன் குதிரை நின்னிருக்காது. நீ அதை மறந்துடு.”

ஆறு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய வார்த்தைகள். அப்படியே வந்து மடியில் விழுந்தன. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அப்பாவைப் பார்த்தாள். மூடிய கண்கள். கடைசிப் பொத்தான் கொஞ்சம் கோணலாக இருந்தது. எழுந்து போய் அதை நேராக்கினாள். அங்கேயே நின்றபடி திரும்பினாள்.

“அவர் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை சார்.”

“இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“போச்சு. இடது பின்னங்கால். ஒரே ஒரு அடி, பின்னாடி போச்சு. மேல உட்கார்ந்திருந்தவ நான். இல்லைன்னு அவர்கிட்ட நான் சொன்னது பொய்.”

அம்மா தலையை நிமிர்த்தினாள். யாரோ டீயை உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

“என் தடையைப் பத்தி நான் சொல்லிட்டேன்,” என்றாள் அவள். “பதினொண்ணுல உங்க அண்ணன் பொண்ணோட குதிரை ரெண்டு தடவை நின்னுச்சு. அங்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யாரு சார்? உங்க கண்ணு எப்படி இருந்துச்சு?”

மூலையில் லாடக்காரர் மெல்ல எழுந்து நின்றார்.

செயலாளர் சிரிக்க முயன்றார். உதவிக்கு ஆள் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பதிலுக்காக. கையிலிருந்த டீயைத் தரையில் வைத்தார். எழுந்தார். அம்மாவைப் பார்த்துக் கை கூப்ப எடுத்தவர், பாதியில் விட்டுவிட்டார்.

வாசலில் செருப்புக் குவியலுக்கு முன்னால் நின்றார். ஒன்று கிடைத்தது, போட்டுக்கொண்டார். இன்னொன்று அவர் முதுகுக்குப் பின்னால், படி ஓரத்தில் தள்ளப்பட்டுக் கிடந்தது. அதற்காக ஒரு காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

அப்பாவின் தலைமாட்டில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். இருபது.

அவர் அந்தச் செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.