முப்பத்தோராம் இலக்கம்

...இல்லை, முழங்கால் வலிக்கவில்லை, வலித்தாலும் இன்றைக்கு நான் நொண்டப் போவதில்லை, மைதானத்தின் நடுவரைக்கும் நடந்து போய்க் கையைத் தூக்கிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான், பன்னிரண்டு வருடம் ஓடியவனுக்கு இது ஒரு தூரமா? உடைமாற்றும் அறை வாசலில் நிற்கிறேன், வெளியே பலேர்மோவின் வைகாசி வெயில் கண்ணைக் கூசுகிறது, அறிவிப்பாளன் என் பெயரை ஒத்திகை பார்க்கிறான், விதுரன் பேரின்பநாயகம், பாதியில் தடக்கி மறுபடி தொடங்குகிறான்... தொடங்கட்டும், ஜெர்மனியில் ஒரு முழு அரங்கமே அதைச் சொல்லப் பழகியது. இனி நான் ஆடத் தொடங்கிய இந்தக் கழகத்தில் முப்பத்தோராம் இலக்கச் சட்டையை ஒருவரும் போடமாட்டார்களாம். போன வருடம் ஆட்டத்தை விட்ட என்னைப் போல அதுவும் ஓய்வு பெறுகிறது.

இதே நகரத்தில் நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில் எங்கள் தெருப் பெடியங்கள் என்னைக் காற்பந்தில் சேர்க்கவில்லை, பந்தை விட்டுவிட்டு ஆளை விழுத்துகிறேன் என்று குறை, அது பொய்யுமில்லை... பிறகு ஒருநாள் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் வந்தபோது இதே மைதானத்தில் தலைக்கவசம் போட்டவர்களைக் கண்டேன், முட்டை வடிவப் பந்தை ஒருவன் கொண்டு ஓட மற்றவர்கள் பாய்ந்து விழுத்துகிறார்கள், விழுத்தினவனுக்குக் கைதட்டு! இப்படியும் ஒரு விளையாட்டா? அமெரிக்கன் புட்போல் என்றார்கள். பந்து எனக்கு வேண்டாம், தடுக்கிறவனாக நிற்கிறேன் என்று அன்றைக்கே கேட்டேன். ஜெர்மன் கழகமொன்று சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது அம்மா தன் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடிந்து வந்து, செருப்பையும் கழற்றாமல் நின்று கேட்டார், "அடிபடுறதுக்கும் ஆரும் சம்பளம் குடுப்பினமே?" துறைமுகத்தில் எனக்கொரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாராம், நான் அதை விட்டுவிட்டுப் போனேன், விமான நிலையத்துக்கு அப்பா மட்டும்தான் வந்தார்.

அங்கே இரண்டாம் வருடம் முழங்கால் சவ்வு கிழிந்தது, என்னைத் தூக்கிக்கொண்டு போன காட்சியை யாரோ அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி உன்ரை ஆட்டம் ஒண்டும் பாக்கமாட்டன் என்றார், பார்க்கவுமில்லை. இனி ஓடமாட்டான் என்று கழகத்தில் சொன்னதும் காதில் விழுந்தது, ஆனால் ஓடினேன், நடக்கப் பழகி, படியேறப் பழகி, மழையில் தனியே ஓடி ஓடி... பிறகு அந்த இறுதியாட்டம், ஒரு புள்ளிதான் முன்னுக்கு நிற்கிறோம், எதிரிக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு எறி, அந்தப் பந்து போய்ச் சேரவேண்டியவனிடம் சேரவில்லை, என் நெஞ்சில் வந்து விழுந்தது, அணைத்தபடி புல்லில் கிடந்தேன், என் மேல் பத்துப் பேர், மூச்சு முட்டியது, அந்த மூச்சு முட்டலைப் போல ஒரு சுகம் உண்டா?

துசானி வருகிறாள், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அம்மாவையும் என்னையும் இணைக்கிறவள் இவள்தான், பின்னால் ஒரு பட்டுச் சேலை... அம்மாவா? மைதானத்துக்கா? துசானி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள், "மாமிக்கு உங்களிட்டை ஏதோ கேக்கவேணுமாம்."

அம்மா என் சட்டையின் இலக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். எல்லா ஆட்டமும் பார்த்துவிட்டாராம், துசானி போனில் போட்டுக் கொடுத்தாளாம், ஒன்றும் விடவில்லையாம், முழங்கால் கிழிந்ததைக் கூட. "நீ விட்டாப்பிறகுதான் பாத்தனான். இனி உனக்கு ஒண்டும் நடக்காதெண்டு தெரியுந்தானே." நான் எங்கே பார்ப்பது? அம்மா விடவில்லை. "அந்தக் கடைசிப் பந்து. அவன் எறிய முதலே நீ ஓடத் தொடங்கீட்டாய். எப்பிடித் தெரிஞ்சது?"

இதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, எத்தனை நிருபர்களுக்குச் சொல்லியிருப்பேன், எறிகிறவனின் தோளைப் பார்க்கவேண்டும், அவன் பழைய ஆட்டங்களைப் படிக்கவேண்டும்... தோளா? எறிந்தவனுக்கும் எனக்கும் நடுவில் மலை மாதிரி ஒருவன் நின்றானே, நான் எந்தத் தோளைக் கண்டேன்?

"தெரியேல்லை அம்மா."

"அப்ப இவ்வளவு நாளும் கேட்ட ஆக்களுக்கு என்னெண்டு சொன்னனீ?"

பெயர் ஒலிக்கிறது, அரங்கம் எழுந்து நிற்கிறது, வெயிலுக்குள் இறங்கி நடக்கிறேன், கை தானாகவே உயர்கிறது, இரைச்சல் நெஞ்சை நிறைக்கிறது, நானும் சிரிக்கிறேன், வாய்விட்டே சிரிக்கிறேன்... ஆனால் கால்களுக்கு அன்றைக்கு ஓடென்று யார் சொன்னது?