கழுவச் சொன்னார்கள்

முடியை விலக்கி அந்தப் பசையைத் தடவியபோதே குழாய் தலையை இழுத்துக்கொண்டான். வெள்ளையாக, கொழகொழவென்று, ஆறிப்போன கொழுப்பு மாதிரி இருந்தது. அதன்மேல் கம்பி கோத்த சின்ன வட்டுகளைக் குடி மறுவாழ்வு மையத்து ஆலோசகர் அழுத்தி ஒட்டினார்.

இறைச்சித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் குழாயைப் பிடித்து இயந்திரங்களைக் கழுவியவன் அவன். அதனால் ஊருக்கெல்லாம் 'குழாய்'. குடியில் வேலை போனது; பெயர் போகவில்லை.

"மருந்தும் பேச்சும் ஒரு பக்கம் நடக்கட்டும்," என்றார் ஆலோசகர். "இதுக்குப் பேரு நியூரோஃபீட்பேக். நீங்க படம் பாத்தா போதும். மூளை பதறினா திரை மங்கும், அடங்கினா தெளியும். தெளியற வழிய மூளை மெல்லப் பழகிக்கும். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன்."

"உள்ள கரண்டு விடுவீங்களா, மேடம்?"

"எதுவும் விட மாட்டோம். உங்க மூளை பண்றத உங்களுக்கே காட்டறோம், அவ்வளவுதான்."

"அதப் பாக்கப் பிடிக்காமத்தான் குடிக்கிறேன்," என்றான்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவனை முறைத்தாள். அவள்தான் இழுத்து வந்திருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவளுக்கு அசிங்கம் புதிதல்ல. ஆனாலும் தம்பி போதையில் அலமாரியைக் கழிப்பறையென்று நினைத்துத் திறந்து, மடித்து வைத்த அவளுடைய துணிகள்மேல் மூத்திரம் பெய்ததைப் பார்த்த அன்று அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. துணிகளை வாளியில் போட்டுவிட்டு, "நாளைக்கு நாம ஒரு இடத்துக்குப் போறோம்டா," என்று மட்டும் சொன்னாள்.

திரையில் மழை பெய்யும் காடு. முதல் நாள் முழுக்க அது இருட்டாகவே கிடந்தது. வீட்டுக்குப் போய்த் தலையில் காய்ந்த பசையைச் சுரண்டும்போது நகத்துக்குள் வெள்ளையாகச் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குடித்தான்.

அடுத்த தடவை போதையோடு போனான். ஆலோசகர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இப்ப ஒட்டினா நான் பாக்கறது உங்க மூளைய இல்ல, பாட்டில. தெளிஞ்சதும் வாங்க."

நடுவில் கனவுகள் மோசமாயின. வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீ வர்ற வரைக்கும் நான் வேலைக்குப் போகல. ரெண்டு பேருமா சும்மா கிடப்போம்," என்றாள். மதியத்துக்குள் கதவு திறந்தது.

வாரங்கள் போயின. குடி குறைந்தது, பிறகு நின்றது. குடி நின்றதும் மூக்கு விழித்துக்கொண்டது. தன் படுக்கையின் புளித்த வாடை, சட்டைக் கழுத்தின் அழுக்கு, எல்லாம் ஒரேயடியாக முகத்தில் அறைந்தன. இதிலா இத்தனை நாள் புரண்டோம் என்று உடம்பு கூசியது.

ஒருநாள் திரை தெளிந்து அப்படியே நின்றது. இலைகளில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"அரைக்கிற மெஷின்ல நின்னவன் என் கூட்டாளி. மச்சான்னுதான் கூப்பிடுவேன். கை உள்ள போயிருச்சு. வெட்டித்தான் எடுத்தாங்க. வண்டி அவனத் தூக்கிட்டுப் போன உடனே சூப்பர்வைசர் வந்தாரு. 'ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கழுவிடு'ன்னாரு. கழுவினேன், மேடம். தண்ணிக்குப் போகாதத விரலால நோண்டி எடுத்தேன். எது மாட்டோடது, எது மச்சானோடதுன்னு தெரியல. எல்லாத்தையும் ஒரே வாளியிலதான் போட்டேன்."

ஆலோசகரின் பேனா நின்றது.

"அப்புறம் மூடியக் கொண்டுவந்து மாட்டினாரு. கை போகாம தடுக்கிற மூடி. வேகமா அரைக்கணும்னு அவரே கழட்டி ஸ்டோர்ல போட்டது. விசாரணையில, மச்சானே கழட்டிட்டான்னு சொல்லிட்டாங்க. நான் வாயத் திறக்கல."

ஆலோசகரின் முகம் அருவருப்பில் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அவன் நன்றாக அறிவான். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அவர் கேட்டது வேறு. "அந்தச் சூப்பர்வைசர் இன்னும் அங்கதான் இருக்கானா?"

மரியாதை வைக்காத அந்த 'இருக்கானா'வில் குழாய் நிமிர்ந்தான். இத்தனை காலம் தன்மேலேயே துப்பிக்கொண்டிருந்த எச்சிலுக்கு வேறொரு முகவரி இருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அதிகாரியிடம் போனான். மச்சானின் விபத்து வழக்கை மறுபடி எடுத்தார்கள். விசாரணை அறையில் சூப்பர்வைசர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். "குடிகாரன் பேச்ச எடுத்துக்கப் போறீங்களா, சார்?" என்று சிரித்தார்.

குழாய் வாளி வரைக்கும், விரல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி மேசையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடித் தள்ளி வைத்தார். சொல்லி முடித்து வெளியே வந்து, மரத்தடியில் குனிந்து வாந்தியெடுத்தான். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உன் வாந்தி எத்தனையோ தடவ அள்ளியிருக்கேன்," என்றாள். "குடிக்காம எடுத்தது இதுதான்டா."

தீர்ப்பு மச்சான் பக்கம் வந்தது. சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அங்கேயும் சூப்பர்வைசராகத்தான். அதைக் கேட்டதும் நாக்கு பாட்டிலுக்குத் தவித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மச்சான் வீட்டுக்குப் போனான்.

மச்சான் ஒற்றைக் கையால் கதவைத் திறந்தான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான். பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனான்.